அலமாரியின் மூன்றாவது தட்டு

தீர்ப்பெழுதித் தேய்ந்த விரல்களால் இன்று திரைப்படக்காரர்களுக்குப் பரிசு கொடுக்க வந்திருக்கும் விழாத் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே! என் பேச்சு நீளும் என்று தெரிந்தும் முன்வரிசையில் முகம் சுளிக்காமல் வீற்றிருக்கும் முதியோர்களே! வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற கவலையை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வெளிச்சத்தில் நாங்கள் நிற்க, இருட்டில் நின்று உழைக்கும் தொழில்நுட்பத் தோழர்களே! இடம் கிடைக்காமல் பின்சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த இயக்குநனின் இருகரம் கூப்பிய வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். வாய்தா கேட்கக் கூடாது என்று தலைவர் ஏற்கெனவே காதோடு சொல்லிவிட்டார்.

சற்று முன்பு 'சிறந்த கதைமுடிவு' என்று பொறித்த இந்தக் கேடயத்தை என் கையில் கொடுத்தார்கள். பத்து விரலும் பதியப் பிடித்துப் பார்த்தேன். பளபளப்பான கேடயம், படித்துப் படித்துச் சுவைக்கத்தக்க பொறிப்பு. ஆனாலும் அதை மேசைமேலேயே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொன்ன பிறகு இந்த மன்றத்தில் எனக்கு மரியாதை மிஞ்சுமா என்பது எனக்கே தெரியாது.

நாங்கள் எடுத்தது குற்றக் கதை. இரண்டு நாடு, இரண்டு மொழி, இரண்டு குழு, ஒரே ஒரு பிணம். (சிரிக்காதீர்கள், பிணமாக நடித்தவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அன்று மூச்சை அடக்கியவர், இன்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்.) வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவன் நம் ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறான். கொல்லப்படுகிறான். துப்பறிய அவன் நாட்டிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார், நம் ஊர்ப் பெண் அதிகாரி ஒருவர் அவரோடு சேர்கிறார். எல்லோருக்கும் சந்தேகம் செத்தவனைப் பார்க்க வந்துபோன அவன் நாட்டு நண்பன் மேல். உண்மையில் கொன்றவன் வீட்டுக்காரரின் தம்பி. கதை பிரமாதம்! ஆனால் அவன்தான் கொன்றான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அங்கேதான் ஐயா, எட்டு மாதம் நின்றோம்.

அந்த நாட்டு எழுத்தாளர் சொன்னார்: ஒரு தலைமுடி கிடைக்கிறது, அதைப் பூதக்கண்ணாடி வழியே பார்க்கிறார்கள், கண்டுபிடிக்கிறார்கள். நான் சொன்னேன்: குடும்பமே கூடியிருக்கும்போது கொலைகாரன் குமுறிக் குமுறி அழுது, தானே ஒப்புக்கொள்கிறான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்களுக்கு இடையே மொழிபெயர்த்தவர் என் மனைவியின் தம்பி, என் மச்சான். அவர் மொழிபெயர்ப்பில் எந்தக் கோபமும் தேன் தடவித்தான் வெளியே வரும்.

"மாமா, அவர் ரொம்ப மரியாதையா கேக்குறாரு. உங்க ஊர்க் குற்றவாளிங்க எல்லாம் ஏன் தானா அழுது ஒத்துக்குறாங்கன்னு."

"மேசையில குத்திக்கிட்டேவா மரியாதையா கேப்பாரு? நீயும் மரியாதையா கேளு. அவங்க ஊர்ல மனுஷன் மொகத்த யாரும் பாக்க மாட்டாங்களா, முடியத்தான் பாப்பாங்களான்னு."

இப்படி அவர் முடியைப் பிடித்துக்கொண்டார், நான் கண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். முடிவே இல்லாமல் படப்பிடிப்பைத் தொடங்கிய மகான்கள் நாங்கள்! படம் பாதி வளர்ந்துவிட்டது. முடிவு மட்டும் பிறக்கவில்லை. அந்த நாட்டுத் தயாரிப்பாளர்கள், இந்த வாரத்துக்குள் முடிவு வராவிட்டால் மூட்டை கட்டுகிறோம் என்று கடிதமே அனுப்பிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் அந்த வீட்டில் படம் பிடிக்கப் போனோம். வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வக உதவியாளர். ஐம்பது வயதுப் பெண்மணி. முந்நூறு கண்ணாடிக் குப்பிகளை முப்பது வகுப்புகள் கலைத்துப் போட்டாலும் சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பவர். நாங்கள் அவரை 'வீட்டம்மா' என்போம். முன்னறையை எங்களுக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் இருந்தார்.

முதல் நாள் கொலைக் காட்சியை எடுத்தோம். ஒளிப்பதிவாளர் அந்த நாட்டுக்காரர். நிலைவாசலில் தினமும் நான்கு முறை தலையை இடித்துக்கொள்வார், ஆகையால் எங்கள் குழு அவருக்கு 'நெட்டையர்' என்று பெயர் வைத்தது. அந்த அறையை அவர் எப்படி அலங்கோலப்படுத்தினார் தெரியுமா? அலங்கோலத்தை அத்தனை அழகாகச் செய்ய ஓர் ஆளா? கவிழ்ந்த நாற்காலி, கசங்கிய விரிப்பு, உருண்ட டம்ளர், உலர்ந்த ரத்தம்! ரத்தத் துளி ஒவ்வொன்றையும் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தார். மறுநாள் காலை பெண் அதிகாரிகள் இருவரும் அதே அறைக்குள் நுழையும் காட்சி. அவர்கள் நாட்டு நடிகைக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பகல்தான். அடுத்த நாள் அவர் வேறொரு படத்துக்கு விமானம் ஏற வேண்டும்.

காலையில் கதவைத் திறந்தோம்.

ஐயா! தரை கண்ணாடியாய் மின்னுகிறது! நாற்காலி நிமிர்ந்து நிற்கிறது! ரத்தக்கறை படிந்த விரிப்பு கொடியில் காய்கிறது! டம்ளரைக் காணோம், கத்தியைக் காணோம், கொலையையே காணோம்!

நெட்டையர் கத்தினார் பாருங்கள், ஒரு கத்தல். மச்சானைப் பார்த்தேன்.

"என்னடா சொல்றாரு?"

"ரூம் ரொம்ப சுத்தமா இருக்குன்னு ஆச்சரியப்படுறாரு மாமா."

அந்த நேரத்திலும் அவர் தொழில் தர்மத்தைக் கைவிடவில்லை! வீட்டம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அதுவாவது நிஜ ரத்தம்.

"யாரக் கேட்டும்மா இதத் தொடச்சீங்க?"

"யாரக் கேக்கணும் தம்பி? வெளிநாட்டுலேருந்து ஒரு பொண்ணு மொத மொறையா வீட்டுக்கு வருது. ரூமு இந்த லட்சணத்துல கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?"

தாய்மார்களே, நீங்கள் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. நீங்களும் துடைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்! உலகத்தில் எந்த நாட்டுக் காவல்துறையும் எதிர்பார்க்காத ஆபத்து அது. கொலை நடந்திருந்தால் என்ன, ஆள் வருகிற நேரத்தில் வீடு வீடாக இருக்க வேண்டாமா?

நான் சிரிக்கிற நிலையில் இல்லை. நடிகை வாசலில் நிற்கிறார். படம் போச்சு, மூன்று வருட உழைப்பு போச்சு, என்னை நம்பி வந்த அறுபது பேர் வேலை போச்சு. ஆத்திரத்தில் கேட்டேன்.

"சரி, எத எங்க வெச்சீங்க? அதையாவது சொல்லுங்க!"

"டம்ளரு அலமாரியில மூணாவது தட்டு. கத்தி கீழ இழுப்பறை. வெறுங்கட்டிலுக்குப் பழைய விரிப்பு பெட்டியிலேருந்து எடுத்துப் போட்டேன். எல்லாம் அதது எடத்துலதான் இருக்கு."

நெட்டையர் ஏதோ கேட்டார். மச்சான் முதல் முறையாகத் தேன் தடவாமல் மொழிபெயர்த்தார். "எது எங்க போகணும்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்குறாரு."

வீட்டம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது என்ன கேள்வி? எங்க வீடு, எனக்குத் தெரியாதா? வெளியாளு தொடச்சிருந்தா டம்ளர எங்கயாவது வெச்சிட்டுப் போயிருப்பான். அந்த எடத்துல கொண்டு வெக்கிறதுன்னா வீட்டு ஆளாத்தான் இருக்கணும்!"

மச்சான் அதையும் அப்படியே சொன்னார்.

நெட்டையர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், அந்தச் சுத்தமான தரையில்! மூலையில் நின்ற அந்த நாட்டு எழுத்தாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் முதல் முறையாக எங்களுக்கு மச்சான் தேவைப்படவில்லை.

படம் பார்த்தவர்களுக்கு மிச்சம் தெரியும். கொன்றவன் பிணத்தை ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான், கொலை நடந்த அறை பளிச்சென்று இருக்கிறது. தலைமுடி இல்லை, கண்ணீர் இல்லை, தடயமே இல்லை என்று வெளிநாட்டு அதிகாரி கைவிரிக்கிறார். நம் ஊர் அதிகாரி மெல்ல அலமாரியைத் திறக்கிறார். ஒவ்வொரு பொருளும் உள்ளபடி, உரியபடி, உரிய இடத்தில்! "இதத் தொடச்சது வெளியாளு இல்ல" என்கிறார். எல்லோரும் குற்றவாளி என்று கை நீட்டிய அந்நியன் தப்புகிறான், கூடத்தில் உட்கார்ந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருந்த தம்பி மாட்டுகிறான். அன்று பகலுக்குள் அந்தக் காட்சியை எடுத்து முடித்தோம். படம் பிழைத்தது. நான் பிழைத்தேன். இரண்டு நாட்டிலும் திரையரங்குகள் எழுந்து நின்று தட்டின.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். குற்றமே இனிமேல்தான்.

படம் வெளிவந்த மறுநாள் ஒரு பத்திரிகையாளர் கேட்டார், "இந்த முடிவு உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரு பெண்மணி சொன்னார் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? என் வாயில் வந்தது: "குளிக்கும்போது தோன்றியது." சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் கண்ணை விரித்து எழுதிக்கொண்டார். அடுத்த பேட்டியில் குளியலறை போய்க் குளம் வந்தது. ஐந்தாவது பேட்டியில் ஆறு வந்தது. பதினேழாவது பேட்டியில் விடியற்காலை, மூடுபனி, மார்பளவு நீர், மனதில் மின்னல்! பெரியோர்களே, எனக்கு நீச்சலே தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கத்துவேன். என் மனைவியைக் கேளுங்கள், இதோ இருக்கிறாள், சிரிக்கிறாள் பாருங்கள்!

படத்தின் பெயர்ப்பட்டியலில் வீட்டம்மா எங்கே? 'வீடு கொடுத்து உதவியவர்கள்' என்ற பட்டியலில், நாற்காலி வாடகைக்குக் கொடுத்த கடைக்குக் கீழே.

போன வாரம் இந்த விழாவுக்கு அழைக்க அவருக்குத் தொலைபேசினேன். அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"படம் பாத்தேன் தம்பி. நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான். அந்த டம்ளர ரெண்டாவது தட்டுல வெச்சுக் காட்டிட்டீங்க. அது மூணாவது தட்டு."

"சரிம்மா" என்றேன்.

"டிவியில உங்க பேட்டியும் பாத்தேன்." தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன். "விடியக்காலத்துல ஆத்துல எல்லாம் எறங்காதீங்க தம்பி. சளி புடிக்கும்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். குத்திக்காட்டினாரா, உண்மையாகவே கவலைப்பட்டாரா? இன்று வரை எனக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. முந்நூறு குப்பியை இடம் மாறாமல் வைக்கிறவரின் சொந்தச் சொல்லை எடுத்து, என் அலமாரியில் வைத்துக்கொண்டேனே!

உடனே அந்த நாட்டு எழுத்தாளரை அழைத்தேன், மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் செய்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு மச்சான் மென்று விழுங்கிச் சொன்னார்: "மாமா, அவரும் அவங்க ஊர்ல எல்லாப் பேட்டியிலயும் காட்டுல தனியா நடக்கும்போது தோணுச்சுன்னு சொல்லிட்டிருக்காராம்."

கேட்டீர்களா! நான் நீரில் திருடினேன், அவர் நிலத்தில் திருடினார்! முடியா கண்ணீரா என்று எட்டு மாதம் முட்டிக்கொண்ட இரண்டு பேரும், ஒரு பெண்ணின் மூளையில் கை வைக்கும்போது மட்டும் மொழிபெயர்ப்பாளரே இல்லாமல் ஒற்றுமையாகிவிட்டோம்! மொழி வேறு, உடை வேறு, உணவு வேறு, வானிலை வேறு. திருட்டு மட்டும் ஒன்று! இதுதானே உண்மையான இருநாட்டுக் குற்றக் கதை? இதை யார் படமெடுப்பது? யார் துப்பறிவது?

நீதிபதி ஐயா, இது என் ஒப்புதல் வாக்குமூலம். யாரும் அடிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. சபை கூடியிருக்க, குற்றவாளி தானாகவே ஒப்புக்கொள்கிறான். அந்த எழுத்தாளர் இங்கே இருந்திருக்க வேண்டும்! நம் ஊரில் இப்படியும் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேனே!

அவரும் நானும் கையெழுத்திட்டிருக்கிறோம். நாளை முதல் இரண்டு நாட்டிலும் படத்தின் தொடக்கத்தில், 'கதை' என்ற சொல்லுக்கு அடியில், எங்கள் இருவருக்கும் மேலே, வீட்டம்மாவின் பெயர் வரும். இந்தக் கேடயத்துக்கு உரியவர் ஏழாம் வரிசையின் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா, மேடைக்கு வாருங்கள். தலையாட்டாதீர்கள், வந்தே ஆக வேண்டும். தம்பிமார்களே, வழி விடுங்கள்! இப்போது தட்டுங்கள். கூரை பெயரும்படி தட்டுங்கள்!

வந்துவிட்டார். இந்தாருங்கள் அம்மா, உங்கள் முடிவு, உங்கள் கேடயம். ஏதாவது பேசுங்கள்... என்ன, பேச மாட்டீர்களா? பையில் என்ன தேடுகிறீர்கள்? கைக்குட்டையா?

ஐயா! பாருங்கள், பாருங்கள்! கேடயத்தைத் துடைக்கிறார்! இவர் சும்மா இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்! பத்து விரலும் பதியப் பிடித்திருந்தேன், ஒன்றுவிடாமல் துடைத்துவிட்டார். இனி அதில் என் கைரேகை இல்லை, தலைவர் அவர்களே. வழக்கை முடித்துக்கொள்ளலாம்.

பத்து நிமிடத்தை இருபதாக்கிய என்னைப் பொறுத்த சபைக்கும், பழுதைப் பொறுத்த அம்மாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போய் உங்கள் அலமாரியைத் திறக்கும்போது, எதை எங்கே வைப்பது என்று அறிந்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.