அடுக்களைச் சுவத்துல நீல வெட்டம்

அபராதம் போடுங்க சாறே, நான் வேண்டாம்னு சொல்லேல்ல. லைட்டக் களட்டச் சொல்லாதிய. அது ஒண்ணுதான் நான் கேக்கேன்.

சட்டமெல்லாம் எனக்கும் தெரியும். கம்பெனி வச்ச லைட்டுக்கு மேல நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணும் கெட்டப்பிடாது. முன்னால வெள்ளையோ மஞ்சளோ, பொறத்த செவப்பு. நீலம் கூடாது, மின்னி மின்னி எரியப்பிடாது, எதுத்து வாறவனுக்குக் கண்ணு கூசப்பிடாது. செரிதானா? ஆனா எனக்கு வேற ஒரு சம்சயம் உண்டு. இப்ப உச்சி வெயிலு. லைட்டு எரியவும் இல்ல. காட்டாக்கடை சந்தைல மீனு சீக்கிரம் தீந்துது, வெறும் பெட்டியோட வீட்டுக்கு வாறேன். எனக்கு முன்னால தனுவச்சபுரம் காலேஜுப் பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஒரு டூரிஸ்ட் பஸ்ஸு போச்சுது, பெருநாளுக்கு மாதா தேரு போற மாதிரி மாலை மாலையா பல்பு. அத விட்டுட்டு என்னக் கையக் காட்டி நிறுத்தி, நேரா குனிஞ்சு வண்டிக்கு அடியில பாக்கிய. அடியில நீலப் பட்டி லைட்டு ஒட்டிருக்குன்னு உங்களுக்கு ஆரு சொன்னா?

ஓ. புகாரு. நான் நெனச்சேன்.

ஆருன்னு பறயப்பிடாதா? செரி, நான் பறயுதேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. எதுத்த வீட்டுப் பொன்னையன். எனக்க வண்டி நின்னா அவனுக்க ஸ்கூட்டர் எடவழில போவாதுன்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டே நடக்கான். நேத்து வண்டியப் பாத்துட்டு சிரிச்சான். காரணம் இல்லாம சிரிக்கப்பட்டவன் இல்ல அவன். இல்லியா? அப்ப வினீத்து. அவனுக்கும் மீன் வண்டியாக்கும். எனக்க வண்டி உங்க ஆபீஸ் முற்றத்துல கெடந்தா எனக்க ஏவாரம் பூரா அவனுக்கு. அவனும் இல்லியா?

சிரிக்காதிய சாறே. மனுசனச் சந்தேகப்படுதது எனக்கொரு தீனம். எனக்க பெஞ்சாதி ப்ளோரன்ஸ் சொல்லுவா, கண்ணாடில தெரியுதவன் மேலயும் ஒங்களுக்கு சம்சயம்தான்னு. செல நேரம் கெடந்து யோசிப்பேன், அவ சொல்லுதது செரிதானோன்னு. காலம்பற ஆனா பெறவும் பொன்னையன் சிரிக்கான்.

இது எனக்க மவன் கெட்டினதாக்கும். ஜெஃப்ரின். அவனாக்கும் அப்பம் வண்டி ஓட்டுதவன். பாலராமபுரத்துல போயி பட்டி லைட்டும் வயரும் வாங்கிட்டு வந்து, ஒரு ஞாயிறாழ்ச்ச முழுக்க வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தான். எலே, மீனு நாறுத வண்டிக்கு எதுக்குல மாப்பிள்ளை வேசம்னு நான் ஏசினேன். அப்பா, ரோட்டு வளவு திரும்பும்பமே நான் வாறது அம்மைக்குத் தெரியணும், கஞ்சி வெளம்பி வைப்பா இல்லியான்னான். அதுபோலத்தான் நடந்துது. அந்திக்கு அடுக்களைச் சுவத்துல லைட்டுக்க நீல வெட்டம் விழும். அவ வாசலுக்கு ஓடி வருவா.

இப்பமா? இப்பம் நானாக்கும் ஓட்டுதேன். போன வருசம் ஒரு நாளு ஆளு கொறவுன்னு கூப்பிட்டாவ, வள்ளத்துல கடலுக்குப் போனான். வள்ளம் வந்துது. அவன் வரேல்ல.

அதான் சாறே. அவன் முறுக்கின வயரு. ஒரு நாளும் நான் அணைச்சதில்ல, அவளுக்கு அது ஒரு ஆறுதலா இருக்கட்டுமேன்னு. இப்பவும் வளவு திரும்பினா ஓடித்தான் வாறா. நான் எறங்கினா அப்பமே திரும்பி உள்ள போயிருவா. என்ன கோவமோன்னு நானும் கேக்கதில்ல.

படம் உண்டா? புகாரோட வந்த படம்? ஆளத்தான் காட்டப்பிடாது, படத்தக் காட்டலாம் இல்லியா? எங்க நின்னு எடுத்தான்னு கண்டா போதும், ஆளப் பிடிச்சிருவேன். இங்க தாங்க.

எனக்க வண்டியாக்கும். எங்க வளவுதான். இந்தா பொன்னையன் வீட்டு மதிலு, வண்டிக்கு அந்தப் பக்கம் நிக்குது. அப்ப அவன் எடுக்கேல்ல. இது ஏதோ வீட்டுக்கு உள்ள நின்னு எடுத்தது. ஜன்னல் கம்பி தெரியுது. இந்தக் கம்பில தொங்குதது என்னது சாறே? கொஞ்சம் பெருசாக்குங்க.

செபமாலை.

வள்ளம் வந்த அன்னைக்கு ப்ளோரன்ஸ் எங்க அடுக்களை ஜன்னல்ல கெட்டிப் போட்டா. நான் களட்டப் போனப்ப கையத் தட்டிவிட்டா.

இல்ல சாறே, தண்ணி வேண்டாம். வெயிலு, வேற ஒண்ணும் இல்ல.

ஒரு காரியம் கேக்கட்டா? இந்தப் படத்துல வண்டி ஓட்டுதது ஆருன்னு தெரியுதா? நல்லாப் பாருங்க. தெரியேல்ல, இல்லியா? வெட்டந்தான் தெரியுது. எறங்கி நின்னாத்தான் அது நான்னு அவளுக்குத் தெரியும்.

அவ என்னப் பாக்கத்தான் ஓடி வாறான்னு நான் நெனச்சிட்டேன்.

ஸ்க்ரூ டிரைவரு ஸீட்டுக்கு அடியில உண்டு. நீங்களே களட்டுங்க சாறே.