தங்கைக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை

டாக்டர், வெளியே நீங்கள் மாட்டியிருக்கும் திரைச்சீலை ஒரு பக்கம் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. தைத்தவர் அளக்காமல் கண்ணளவிலேயே மடித்துவிட்டார். இவ்வளவு நேரம் அதற்கு எதிரே உட்காரவைத்துவிட்டீர்கள், வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. கழற்றிக் கொடுத்தால் சரிசெய்து தருகிறேன், காசெல்லாம் வேண்டாம்.

நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை. ஓரத்தில் உட்கார்ந்து எழுதும் போலீஸ் அம்மாவும் சிரிக்கவில்லை, பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நான் பேசுவது வேகமாக இருந்தால் சொல்லட்டும், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். என் தங்கைக்கு மாத்திரை என்றாலே ஏன் அப்படி ஒரு பயம் என்று கேட்டீர்கள். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொல்லியிருப்பாள். தெரியாததை நான் சொல்கிறேன்.

எங்களுடையது தையல் கடை. முன்னறையில் கடை, பின்னறையில் வீடு. அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். தைப்பதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், வெட்டுவதற்குத்தான் கை வேண்டும் என்று ஊரில் ஒரு நினைப்பு. வருகிறவர்கள் வாசலிலேயே, "சின்னக்கா இருக்காங்களா?" என்பார்கள். நான் மெஷினுக்குப் பின்னால் முழு உருவமாக உட்கார்ந்திருப்பேன், என்னிடமேதான் கேட்பார்கள். எனக்கு அதில் ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. யார் யார் எந்தத் துணியோடு வந்து அப்படிக் கேட்டார்கள் என்று வேண்டுமானால் வரிசையாகச் சொல்வேன், அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். கல்யாணம், குழந்தை குட்டி என்று எங்கள் இருவருக்குமே எதுவும் அமையவில்லை. அவளுக்கு ஒன்று அமைவது போல வந்தது, கலைந்துவிட்டது. அதில் எனக்குப் பங்கில்லை. போலீஸ் அம்மா நிமிர்ந்து பார்க்கிறார். நிஜமாகவே இல்லை.

போன வருஷம் கடைக்கு ஓர் அம்மாள் வந்தார். நாடகக் கம்பெனிகளுக்கு உடை தைத்துக் கொடுக்கும் பெரிய பட்டறை அவருடையது, வேறு ஊரில். என் தங்கை வெட்டிய கோட்டு ஒன்றை யார் உடம்பிலோ பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

"உங்க கை எங்ககிட்ட இருக்கணும்மா. எங்க ஆளுங்க முன்னாடி ஒரே ஒரு கோட்டு வெட்டிக் காட்டுங்க, போதும்."

அவர் போன பிறகு தங்கை வெகுநேரம் சும்மா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போய்ப் பாக்கட்டுமாக்கா?" என்றாள்.

"போடி. இதையெல்லாம் என்கிட்ட கேட்டுக்கிட்டு" என்றேன்.

சந்தோஷமாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, டாக்டர். அந்த இரண்டு அறையில் தனியாக, மெஷினும் நானும். வெட்டித் தர ஆளில்லாத தையல்காரியைத் தேடி யார் வருவார்கள்? கிழிந்த பாவாடைக்கு நாடா கோக்க வருவார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. "சளி மாத்திரை இருந்தா குடுக்கா" என்றாள். கொடுத்தேன். சின்னதாக, வெள்ளையாக இருந்தது. அம்மா கடைசிக் காலத்தில் தூக்கமில்லாமல் கஷ்டப்பட்டபோது எழுதிக் கொடுத்த மாத்திரையும் சின்னதாக, வெள்ளையாகத்தான் இருக்கும். மிச்சமிருந்ததை நான் தூக்கிப் போடாமல் பொத்தான் டப்பாவில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடுவதில்லை, நூல் துணுக்கைக்கூட.

கைதவறி எடுத்துவிட்டேன் என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றாகவே வருகிறது. ஆனால் படுக்கும்போது ஒன்று, காலையில் கிளம்பும்போது டீயோடு ஒன்று என்று, இரண்டு தடவை கைதவறாது இல்லையா?

துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கினாள். சின்ன வயதில் அப்படித்தான் தூங்குவாள், பார்க்க அழகாக இருந்தது. பட்டறையில் நீளமான மேஜை, சுற்றிலும் ஆட்கள். கோட்டின் உடம்பை ஒருவழியாக வெட்டிவிட்டாள். கை வெட்டும்போதுதான் தகராறு. ஒரு கையை வெட்டிய பிறகு, துணிமேல் வைத்து வெட்டும் அளவுப் பேப்பரைத் திருப்பிப் போட்டு மற்றக் கையை வெட்ட வேண்டும். திருப்பவில்லையென்றால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாக வந்துவிடும், மாட்டினால் ஒன்று முன்னால் பார்க்கும், மற்றது பின்னால் பார்க்கும். இது எங்கள் தொழிலில் முதல் வாரத்தில் செய்யும் தப்பு. என் தங்கை முதல் வாரத்தில்கூடச் செய்ததில்லை.

இரண்டும் இடது கை. அங்கிருந்த கட்டிங் மாஸ்டர் இரண்டையும் எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டு எப்படிம்மா நடக்கறது, பாதி தூரம் முன்னால, பாதி தூரம் பின்னாலயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருப்பது மரியாதையில்லை. மறுபடி வெட்டுகிறேன் என்று கத்தரியை எடுத்தவள் கட்டைவிரலை வெட்டிக்கொண்டாள். பட்டறை அம்மாள் நல்லவர், கைக்குத் துணி சுற்றிவிட்டு, "உடம்பு சரியானதும் வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அவளுக்குத் தலை நிற்கவில்லை. நடக்கும்போது சுவரைப் பிடித்தாள். நெஞ்சு படபடக்கிறது என்று அழுதாள்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. என் கை என் பேச்சைக் கேக்கல."

"மாத்திரை ஒத்துக்கலடி. சில உடம்புக்கு மாத்திரையே ஆகாது. உன் உடம்பு அப்படி."

அதைச் சொன்னபோது அவள் தலை என் மடியில் இருந்தது. முடியைக் கோதிக்கொண்டே சொன்னேன். நீங்கள் தேடிக்கொண்டிருந்த பயத்தை உள்ளே வைத்துத் தைத்தது அந்தச் சாயங்காலம்தான். கெட்டித் தையல், டாக்டர். அதன் பிறகு தலைவலித் தைலத்தைக்கூட இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் தேய்த்துக்கொண்டாள்.

அவள் வீட்டிலேயே இருந்தாள். நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அவள் எழுந்திருப்பதே குறைந்துவிட்டது. சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு துணியைப் பார்த்தபடி நிற்பாள், கோடு விழாது. குளிக்கச் சொன்னால் குளிப்பாள், சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவாள். உண்மையைச் சொன்னால் முதல் கொஞ்ச நாள் எனக்குச் சுகமாகவே இருந்தது. தலை வாரிவிட்டேன், ஊட்டிவிட்டேன். அக்கம்பக்கத்தில், "இப்படி ஒரு அக்கா கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கடைதான் படுத்துவிட்டது. நானே வெட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சட்டை ஒன்றை வெட்டித் தைத்தேன். அந்தப் பையன் கையைத் தூக்கினால் சட்டையும் கூடவே தொப்புள்வரை தூக்கிக்கொண்டதாம். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான் என்று அவன் அம்மா வந்து சண்டை பிடித்தார். ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்த பாவம் அது, அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

ஒருநாள் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "நான் இல்லாம போனா உனக்குப் பாரம் குறையும்கா" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. கையைப் பிடித்து உங்களிடம் கூட்டிவந்தது நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டிக்கொடுத்துப் பேசுவீர்கள், காலையில் நடக்கச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் மாத்திரை எழுதினீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையை அவள் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். கடிக்கிற நாய் படுத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் போவது போல அந்த மேஜையைச் சுற்றிப் போனாள். அதன்மேல் இருந்த கண்ணாடிக் கிளாஸை எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, இதுவும் அந்த மாதிரி ஆயிடுமா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும், டாக்டர். 'அன்னிக்கு நீ போட்டது சளி மாத்திரை இல்லடி' என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது. "பயமா இருந்தா வேணாம்டி" என்றேன்.

ஆனால் நீங்கள் விடவில்லை. கொஞ்சமாகத் தொடங்கலாம், முதலில் வயிற்றைப் புரட்டினாலும் புரட்டும், பயப்படாதே, என்ன ஆனாலும் எனக்குப் போன் பண்ணு, பலன் தெரிய வாரங்கள் ஆகும் என்று வாராவாரம் பொறுமையாகச் சொன்னீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். நல்ல விளக்கம். அப்படி ஒரு வாரம் பட்டறை அம்மாளும் போன் பண்ணினார். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், உடம்பு தேறினால் வரலாமாம். போனை வைத்துவிட்டுத் தங்கை சிரித்தாள். பல மாதம் கழித்துச் சிரிக்கிறாள். "நாளைக்குக் காலையில மாத்திரை போட்டுக்கறேன்கா" என்றாள்.

அவள் மத்தியானம் கண்ணயர்ந்தபோது நான் அட்டையை எடுத்தேன். எல்லா மாத்திரையையும் மாற்ற நான் என்ன கொடுமைக்காரியா? முதல் மாத்திரை ஒன்று மட்டும். முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டாவதைத் தொடமாட்டாள், எனக்குத் தெரியும். எது முதல் என்பதும் தெரியும். துணியானாலும் அட்டையானாலும் அவள் வலது மேல் மூலையிலிருந்துதான் தொடங்குவாள். பின்பக்கத்து வெள்ளித்தாளை மூன்று பக்கம் கீறி, உங்களுடையதை எடுத்துவிட்டு அம்மாவுடையதை வைத்தேன், இரண்டும் சின்ன வெள்ளைதான். தைக்காமல் ஓரம் மடிப்பதற்கு எங்களிடம் ஒரு மெல்லிய பசை நாடா உண்டு, சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு துணியைப் போட்டு, பட்டுக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஓர் ஒற்று. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருவரிடமும் காட்ட முடியாதே என்றுதான் வருத்தம்.

காலையில் அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். நான் மெஷினில் இருந்தேன். பிரிக்கும் முன் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். துணியின் நல்ல பக்கம் எது என்று பார்க்க அவள் தடவுகிற மாதிரிதான். விரல் மூலையில் நின்றது. ஓரம் மடித்து ஒட்டும்போது மூலை தடிக்காமலிருக்க நான் நாடாவின் நுனியைச் சாய்வாக ஒரு நறுக்கு நறுக்கிவிடுவேன். யோசித்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்யும், அட்டையிலும் செய்துவிட்டது. மருந்துக் கம்பெனிக்காரன் எதற்காக மூலையை நறுக்கப்போகிறான்? இத்தனை வருஷம் நான் முடித்த ஒவ்வொரு ஓரத்தையும் சரிபார்த்தவள் அவள்.

"அக்கா, இது உன் வேலையா?"

நான் மெஷினை நிறுத்தவில்லை. காலரைத் தைத்து முடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் நேராக உங்களிடம் கொண்டுவந்த அந்த அட்டைதான் இப்போது உங்கள் மேஜையில், பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அவளுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தது நான். மாத்திரையே உன் உடம்புக்கு ஆகாது என்று நம்பவைத்தது நான். அந்த நம்பிக்கை அவளைப் படுக்கையில் தள்ளி, சாவைப் பற்றிப் பேசவைத்த பிறகும், எழுந்திருக்க வந்த மருந்தை மறுபடி கெடுத்தது நான். அவள் செத்துப்போயிருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். அந்தக் கணக்கை நான் போடவில்லை. அவள் போய்விடக்கூடாது என்பது மட்டும்தான் என் கணக்கு.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நீங்கள் வாரக்கணக்கில் பேசியும் அவள் பயம் போகவில்லை. கெட்டது மருந்தல்ல, அக்காதான் என்று தெரிந்த நிமிஷமே போய்விட்டது. உங்கள் எதிரிலேயே புது அட்டையைப் பிரித்து, தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாளாமே. சந்தோஷமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவளைக் குணப்படுத்தியதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

என்னைப் பார்க்கவேண்டாம் என்கிறாளாம். கோபம், தணிந்துவிடும். இப்போது யார் வீட்டிலோ தங்கியிருக்கிறாள் என்றார்கள், எங்கே என்று சொல்ல மறுக்கிறார்கள். நீங்கள் படித்தவர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். அவள் மறதிக்காரி, டாக்டர். வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்து அவள் கையில் கொடுக்க என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?