ரேடியோ நின்ற வீடு

நானுஓயாவில் ரயில் புறப்பட்டதும் எதிர் இருக்கையில் இருந்த இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்களில் இளையவள் பேச்சைத் தொடங்கினாள். என் காது அங்கேயே நின்றுவிட்டது.

"நேத்து சாயந்திரம் எங்க வீடு எழவு வீடாயிருச்சுக்கா. ஆனா யாரும் சாகல."

"என்னடி சொல்ற?"

"ரேடியோ பாடுனா எங்க வீட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கிறதில்ல. புள்ளைங்க சோத்துல கைய வச்சுக்கிட்டு பாட்டுக் கேக்குதுங்க. சாப்பிட்டு முடியிற வரைக்கும் ரேடியோ வேணாம்னு எல்லாருமா பேசி, நேத்து நிப்பாட்டினோம்."

"நல்லதுதானே?"

"லயத்து வரிசை வீடுங்கள்ல எழவு விழுந்தாத்தானேக்கா ரேடியோவ நிப்பாட்டுவாங்க! எங்க மாமனாரு வேற படுத்த படுக்கையா கெடக்காரு. அவருதான் போயிட்டாருன்னு பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரங்க எல்லாரும் ஓடியாந்துட்டாங்க. ஒருத்தி வாசல்லயே ஒப்பாரி வச்சிட்டா."

மூத்தவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! மாமா என்ன சொன்னாரு?"

"எங்க வீட்டுக்காரரு தூக்கி உக்கார வச்சாரு. மாமாவுக்கு ஒரே சிரிப்பு. வந்தவங்களும் ஒடனே போகல. தேத்தண்ணி குடிச்சு, அவருகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டுத்தான் போனாங்க."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருட்டில் இளையவளின் குரல் மட்டும் கேட்டது.

"அவரு படுத்ததுல இருந்து யாருமே வந்து எட்டிப் பாக்கலக்கா. எல்லாரும் போனப்புறம் என்னைய கூப்பிட்டு, 'தாயி, நாளைக்கும் ரேடியோ போடாதீங்க'ங்கிறாரு."