மூன்றாந்தரம் தட்டும்வரை

மாலை ஐந்து மணி இருக்கும். ஐந்து மணி என்றதும் வெளிச்சத்தை நினைக்காதீர்கள். டிசம்பர் மாதத்து வுப்பர்டால் நகரில் ஐந்து மணி என்றால் கும்மிருட்டு. மலைச்சரிவில் ஒரு கல்படிப் பாதை... இரண்டு பக்கமும் ஈரச் சுவர். நடுவில் ஒரேயொரு விளக்கு. கீழே ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் போனால் ஒரு இரும்பு முனகல் கேட்கும். அது போய்விட்டால் பிறகு ஒன்றுமில்லை. அந்தப் படிகளில் ஒரு பெண் தனியாக இறங்கி வருகிறாள். ஒரு கை சுவரில். மற்றக் கை வயிற்றில்.

கவிசா, அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். யாராவது தட்டினால் உடனே எழுந்து போய்த் திற. ஏன் என்று இப்போது கேட்காதே.

புயலில் ரயில் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். இனி விடியும்வரை நமக்கு இந்த டோர்ட்மண்ட் மண்டபத்துச் சமையலறைதான் வீடு. கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகம் பழக வந்த பிள்ளைகள் வசனத்தைப் பாடமாக்கலாம். அதை விட்டுவிட்டு "பேய்க்கதை சொல்லுங்கோ அக்கா" என்று கேட்டது நீங்கள். பிறகு கழிவறைக்குத் துணைக்கு வரச்சொல்லி என்னை இழுக்கக்கூடாது. எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் என்னோடு வேலை செய்கிற புஷ்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சுகமில்லை என்று சொல்லி ஒருநாள் லீவு எடுக்கக்கூடத் துணியாதவள். இது அவளுடைய தமையன் வீட்டில் நடந்தது.

தமையன் பெயர் நவரத்தினம். வுப்பர்டாலில் ஒரு மாதா கோயில் மண்டபத்துக்கு அவர்தான் காவல், கூட்டல், பூட்டல் எல்லாம். ஞாயிறில் அந்த மண்டபத்தில் நம்முடைய ஆட்களின் பூசை. சனிக்கிழமைகளில் ஸ்பானிய மொழிக்காரரின் நாடகக் குழு. ஸ்பெயின்காரர், மெக்சிக்கோக்காரர், பெரு நாட்டுக்காரர் என்று எல்லாம் கலந்த குடும்பங்கள். அந்தக் குழுவை நடத்தியவள் கொன்சுவேலோ என்ற மெக்சிக்கோக்காரி. ஆள் குள்ளம், குரல் இடி.

நத்தாருக்கு முன்னால் வருகிற சனிக்கிழமை அவர்கள் ஒரு நாடகம் போடுவார்கள். அதற்கு மேடை கிடையாது. மண்டபத்தின் பின்கதவுதான் மேடை. பாதிச் சனம் மெழுகுதிரியோடு வெளியே. பாதிச் சனம் உள்ளே. வெளியே சூசையும் நிறைமாத மரியாளும் ஊர் முழுக்க அலைந்து வந்து கதவைத் தட்டி, தங்க இடம் கேட்க வேண்டும். உள்ளே இருக்கிற சத்திரக்காரன் இல்லை என்று விரட்ட வேண்டும். மறுபடி தட்டினால் மறுபடியும் இல்லை. மூன்றாந்தரம் தட்டும்போதுதான் கதவு திறக்கும். அதற்குமுன் யாரும் திறக்கக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. ஒரு வருஷம் ஒரு பொடியன் முதல் தட்டுக்கே திறந்துவிட்டு, கொன்சுவேலோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானாம்.

சத்திரக்காரன் யார் தெரியுமா? நம்முடைய நவரத்தினம். குரல் கனமாக இருக்கிறது என்று கொன்சுவேலோ பிடித்துப் போட்டாள். ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாத மனுசன், வசனத்தைக் கேட்டுக் கேட்டே பாடமாக்கினார். அந்த வேடத்தில் அவருக்கு அப்படியொரு ஆசை. ஜெர்மனிக்கு வந்த காலத்தில் அவருடைய அகதி அன்ட்ராக்கை, அதுதான் விண்ணப்பத்தை, இரண்டுதரம் நிராகரித்தவர்கள், மூன்றாந்தரம்தான் ஓம் என்றார்கள். "இது என்ரை கதையடி புஷ்பா. மூண்டாந்தரம் கட்டாயம் திறக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

அவருடைய மனைவி நேசமலர். சமாதான காலத்தில் ஊரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். ஜெர்மன் மொழி அவளுக்குப் பிடிபடவில்லை. டாக்டரிடம் என்றாலும் அரசாங்கக் கந்தோர் அலுவல் என்றாலும் அவர்தான் கூடப்போய்க் கதைப்பார். நாடகம் பழக அவருக்குத் துணை அவள்தான். அவர் சமையலறைக்குள் நிற்பார். அவள் வெளியே நின்று கதவைத் தட்டுவாள். டொக்... டொக்... கையில் கிடந்த வளையலும் கதவில் பட்டுச் சின்னதாக ஒரு கிணுங். உள்ளேயிருந்து அவர் இடிபோல இல்லை என்பார். மறுபடி கிணுங். மறுபடி இல்லை. மூன்றாவதற்குக் கதவைத் திறந்தால் அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்த நவம்பர் முழுக்க அந்த வீட்டில் இதுதான் விளையாட்டு. அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. நாடக நாள். படியெல்லாம் பனி உறைந்து கிடந்தது. "வெளிக்கிடாதையும், வழுக்கும். நான் முடிய ஓடி வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். மண்டபத்தில் கொன்சுவேலோவின் கட்டளை, எல்லோரும் போனை அணைக்க வேண்டும். அவரும் அணைத்தார்.

வீட்டில் அவளுக்கு வலி தொடங்கிவிட்டது. நாள் வராத வலி. அவருக்குப் போன் அடித்தாள், அடித்தாள்... போகவில்லை. அம்புலன்சுக்கு அடிக்கலாம்தானே என்று கேட்கிறீர்கள். நீங்கள் இங்கே பிறந்த பிள்ளைகள், கேட்பீர்கள். தெரியாத பாஷையில், நோவோடு, யாரோ ஒருவனிடம் என்ன சொல்வது என்று பயந்துபோய் நின்றிருக்கிறாள். முதுகிலே கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். மண்டபத்தின் பின்கதவு அந்தப் படிப் பாதையின் முடிவில்தான் இருக்கிறது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும்...

உள்ளே பிள்ளைகள் தகர மூடிகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கறுவாப்பட்டை போட்ட பானம் கொதிக்கிற வாசம். அப்போது கதவில் சத்தம். டொக்... டொக்...

சூசைக்குத் தடி இருக்கிறது. அவன் தடியால்தான் தட்டுவான், கதவே அதிரும். இது மெல்லிய தட்டு. கூடவே ஒரு கிணுங். நவரத்தினம் யோசித்திருக்கலாம்... ஆனால் ஒரு மாதமாக அந்தச் சத்தத்துக்கு என்ன மறுமொழி சொல்லிப் பழகினாரோ, அது தானாக வாயில் வந்துவிட்டது. இங்கே இடமில்லை, நடையைக் கட்டு! பிள்ளைகள் மூடியை அடித்து அடித்து அதையே திருப்பிக் கத்தினார்கள். மறுபடி தட்டு. முதலாவதைவிட மெல்லிசாக. அவர் மறுபடியும் இல்லை என்றார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

மூன்றாந்தரம் யாரும் தட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே பாட்டுச் சத்தம் கிட்ட வந்தது. மெழுகுதிரிக்காரர்கள் அப்போதுதான் மண்டபத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். பாட்டு நடுவில் நின்றது. மரியாளாக நடித்த பெட்டைதான் முதலில் கண்டாள். அவள் போட்ட சத்தத்தில் இவர் கதவைத் திறந்தார்... மெழுகுதிரிகளுக்கு நடுவில், பனியில், சுவரைப் பிடித்தபடி நேசமலர் சரிந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூச்சு இருந்தது. விடியும்போது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பெண் பிள்ளை. ஒரே பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

அவளுக்கு அந்த நாடகம் தலைகீழ்ப் பாடம். மூன்றாந்தரம் தட்டினால் திறக்கும் என்று தெரியும். பிறகு ஏன் தட்டவில்லை? ஏலாமல் போயிருக்கும் என்றார்கள். தட்டியும் கேட்கவில்லையோ என்றார்கள். புருஷனைக் கூப்பிட்டிருப்பாளே, அது அவருக்குக் கேட்டதா? அதை அவரிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. கவிசா, கொஞ்சம் தேத்தண்ணி ஊற்று.

அடுத்த வருஷம் நாடகமே வேண்டாம் என்றாள் கொன்சுவேலோ. இவர்தான் போடச் சொன்னார். பின்கதவில் தானே நிற்பேன் என்றார். பாவத்தைப் பார்த்து அவளும் தலையாட்டினாள்.

நாடக நாள் வந்தது. பாட்டுக்காரர்கள் இன்னும் தெருமுனையில்தான். அதற்குள் கதவில்... டொக்... டொக்... கிணுங். இவர் பாய்ந்து திறந்தார். முதல் தட்டிலேயே. வெளியே யாருமில்லை. நிலத்தில் புதுப்பனி, ஒரு அடிச்சுவடு இல்லை. வாசலில் மட்டும் நனைந்த கம்பளி வாசம்... கோடாலித் தைலம். கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாராம், மண்டபம் முழுக்கக் குளிரேறும்வரை.

அன்றைக்குப் புஷ்பாவிடம் வந்து சொன்னார். "முதல் தட்டுக்குத் திறந்தா ஆளில்லையடி. ரெண்டுதரம் இல்லையெண்டு சொன்னாத்தான் மூண்டாந்தரம் வருவாள்போல. அந்தச் சொல்லைத் திரும்ப எப்பிடி அவளுக்கு என்ரை வாயாலை சொல்லுவன்? என்னாலை ஏலாது."

புஷ்பாவும் கூட இருந்து அழுதாள்.

அடுத்த டிசம்பரும் வந்தது. புஷ்பா பயந்துபோய்த் தானும் மண்டபத்துக்குப் போயிருந்தாள், அதனால் இதெல்லாம் அவள் கண்ணால் கண்டது. தமையன் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் வந்ததும்... டொக்... டொக்... கிணுங். தகர மூடி வைத்திருந்த பிள்ளைகள் ஒருவரும் அடிக்கவில்லை.

அவர் இல்லை என்றார். இடிக்குரல் இல்லை, இருமல்போல ஒன்று. மறுபடி தட்டு. மெல்லிசாக. அவர் நெற்றியைக் கதவில் சாய்த்தார். வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. கண்ணீர் தாடியில் ஓடுகிறது. கடைசியில்... சொல்லிவிட்டார். இடமில்லை. போ.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கு இருந்ததே, அதே அமைதி. கீழே தொங்கு ரயில் ஒன்று முனகிக்கொண்டு போய் ஓய்ந்தது. இந்தமுறையும் அவள் தட்டாமல் போய்விட்டால்? "தட்டும் நேசமலர்... ஒருக்காத் தட்டும்..." என்று அவர் கதவோடு கெஞ்சினதைப் புஷ்பா கேட்டாள்.

டொக்.

ஒரேயொரு தட்டு. அவர் திறந்தார். புஷ்பாவின் கண்ணுக்கு வெளியே இருட்டும் பனியும்தான். உள்ளே இருந்த மெழுகுதிரிச் சுடர்கள் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்தன. அவர் சிரித்தாராம். கதவோரமாக நன்றாக ஒதுங்கி நின்று, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வழிவிடுவதுபோல வழிவிட்டு, "வாரும்... பாத்து, நிலையிலை கால் தடக்கும்" என்றார். கதவை மெல்லச் சாத்தினார். அதற்குப் பிறகு சூசை வந்து தடியால் இடித்தபோது, பழைய இடிக்குரலில் இரண்டுதரம் விரட்டிவிட்டுத் திறந்துவிட்டார். பிள்ளைகள் இனிப்பு அடைத்த கடதாசி நட்சத்திரத்தை அடித்து உடைக்கும்வரை நின்று பார்த்தார். வீட்டுக்குப் போகும்போது படியில் சுவர்ப்பக்கத்தை யாருக்கோ விட்டுவிட்டு, வழுக்கும் பக்கத்தால் ஏறிப் போனார்.

மறுநாள் பூசைக்கு மண்டபம் திறக்கவில்லை. புஷ்பா தன்னிடமிருந்த மாற்றுத் திறப்பால் அவருடைய வீட்டைத் திறந்தாள். சமையலறை மேசையில் தலையை வைத்துத் தூங்குகிறவர்போல இருந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். மனைவியும் பிள்ளையும் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவரையும் வைத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியே இருக்கமாட்டேன்.

ஜனவரி பிறந்து, மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முதல்நாள். வீட்டைத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டும் என்று புஷ்பா வேலை முடிந்து போனாள். பூட்டில் திறப்பை வைத்தாள், இன்னும் திருகவில்லை. உள்ளே... வெங்காயம் தாளிக்கிற வாசம். யாரோ சமையலறைக் கதவைத் தட்டுகிறார்கள். டொக்... டொக்... கிணுங். தமையனுடைய குரல், இல்லை என்கிறது. டொக்... டொக்... கிணுங். மறுபடி இல்லை. மூன்றாவது தட்டுக்குக் கதவு திறக்கிற கிறீச்... ஒரு பெண் சிரிக்கிறாள். நேசமலரின் சிரிப்பு. மச்சாளின் சிரிப்பு புஷ்பாவுக்குத் தெரியாதா?

அவள் திறப்பைத் திருகவில்லை. ஓடவும் இல்லை. அழுகை வந்ததாம். பயத்தில் இல்லை, அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று. கதவில் காதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பிறகு இன்னொரு தட்டு.

அது விரலால் தட்டியது இல்லை. சின்ன உள்ளங்கை. கதவின் அடியில், பெரியவர்களின் முழங்காலுக்கும் கீழே... நடை பழகிய பிள்ளைகள் கதவைப் பிடித்துக்கொண்டு அடிப்பார்களே, அப்படி. பத்... பத்...

அதற்கு மட்டும் தமையன் இல்லை என்று சொல்லவில்லை. முதல் தட்டிலேயே கதவு திறந்தது.