கையுறை

“நான் கையுறை போட்டாலே அந்த ருமேனியா மனுசி காலை இறுக்கிக்கொண்டு அழுறா, அக்கா.”

ஹம்பேர்க் நகர ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். முதியோர் இல்லத்தில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அந்தக் காலத்தில அவவின்ர பக்டரிக்கு டொக்டர் வந்து, ஆர் பிள்ளைத்தாச்சி எண்டு பாக்கிறவராம். நாட்டில சனம் கூட வேணுமெண்டு சட்டம். வயித்தில உள்ளதை அழிச்சால் பிடிச்சு மறியலுக்குள்ள போடுவினமாம். உன்னை அந்த டொக்டர் எண்டு நினைக்கிறா.”

“பக்கத்துக் கட்டில் மனுசி கிழக்கு ஜெர்மனி. அங்க கேட்டால் ஆஸ்பத்திரியிலயே அழிச்சுவிட்டவையாம். ரெண்டும் சோசலிச நாடுதானே?”

“ஓம். ஆனால் பயம் ருமேனியா மனுசிக்குத்தான் மிச்சம்.”

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இஞ்ச அழிக்கிறதுக்கு முன்னம் சட்டப்படி ஆலோசனைக்குப் போகோணுமெல்லே. அங்க பேரை எழுதி வைப்பினமோ?”

“ஆருக்கு?”

“எனக்குத்தான். நாளைக்கு அங்க வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கினம்.”

மூத்தவள் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். “மெதுவாக் கதை. தமிழ் ஆக்கள் இருப்பினம்.”

அப்போது பார்த்து என் கைபேசியில் அம்மா அழைத்தாள். எடுத்தால் தமிழில்தான் பேச வேண்டும். அதிரட்டும் என்று விட்டுவிட்டேன்.