மூன்று கிழமைக் குரோம்

— நகத்தால தட்டினது மட்டும்தான், தம்பி. சுரண்டக்கூட இல்லை. பாரும், பொரிச்ச அப்பளம் மாதிரிக் கழண்டு வருது.

— தாங்கோ, டெனிஸ்ரன் அண்ணை. பாப்பம்.

— என்னத்தைப் பாக்கிறீர்? மூண்டு கிழமைக்கு முதல் இந்த லைற்று வளையத்தில முகம் பாத்துச் சவரம் எடுத்தனான். இண்டைக்குப் பாத்தால் எனக்குக் கொப்புளிப்பான் வந்த மாதிரிக் கிடக்கு.

— உப்புக் காத்து, அண்ணை.

— என்ன கதை கதைக்கிறீர், சயந்தன்? என்ர லொறிக்கு ரண்டு லைற்று. இடப்பக்க வளையமும் நீர் செய்ததுதானே?

— ஓம். ரண்டு வருசம்.

— அது இண்டைக்கும் வெள்ளி மாதிரி மினுங்குது. வலப்பக்கத்தை மாடு முட்டி நெளிச்சதெண்டுதானே உம்மட்டைப் புதுசு செய்விச்சனான். ஒரே லொறி, ஒரே றோட்டு, ஒரே காத்து. தண்ணி இறக்கப் போற ஒழுங்கையெல்லாம் சனம் கேக்குது, என்ன டெனிஸ்ரன், உன்ர லொறிக் கிழவிக்கு ஒரு கண்ணில பூ விழுந்திட்டுதோ எண்டு.

— வேற ஒண்டு செய்து தாறன்.

— இதுவே மூண்டாவது, ராசா.

— தெரியும்.

— கோவத்தில சொல்லேல்லை, கண்டியோ. அறுபத்திநாலாம் ஆண்டு லொறி. கம்பனி சாமான் உலகத்தில இல்லை. அதே அச்சில வளையமும் முன்பக்கக் கிறிலும் வளைச்சுத் தர இந்தத் தீவில நீர் ஒருத்தர்தான் இருக்கிறீர். நீரும் கைவிட்டால் நான் எங்க போறது?

— நான் கைவிடேல்லை. அதுதான் விடுது.

— ஆர் அது கேற்றைத் திறக்கிறது? நிலாந்தினித் தங்கச்சியோ? வாங்கோ, வாங்கோ. குட்டியும் வருதோ! பாரும் தம்பி, உம்மட மகள் என்னைப் பாத்துச் சிரிக்கிறாள். நீர் இப்பிடி ஒரு நாளாவது சிரிச்சனீரோ?

— பல்லு முளைக்குது அண்ணை, அதுதான் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறாள். சயந்தன், போன் ஏன் எடுக்கேல்லை?

— கை முழுக்க முலாம் மருந்து, அக்கா.

— நாலு மணிக்கு ஏஜென்சிக்காரன் எடுப்பான். ஓமோ, இல்லையோ எண்டு ஒரு சொல்லு கேப்பான். இந்தாரும் பாஸ்போட். இப்ப மூண்டேகால்.

— என்ன ஏஜென்சி? தம்பி எங்க போறார்?

— கட்டாருக்கு, அண்ணை. ரண்டு வருசம். வெல்டிங் வேலை.

— மாதாவே! அப்ப இந்தப் பட்டறை?

— அதை அவரிட்டைக் கேளுங்கோ. கேட்டால் ஓம், இல்லை, தெரியாது. மூண்டு சொல்லில ஒண்டு வரும்.

— கொழும்பில ஒருத்தர் பழைய லொறி சேர்க்கிறவர், அண்ணை. எட்டு லொறிக்கு முழு முகமும் செய்யச் சொன்னவர். மாதிரிக்கு ஒரு கிறில் அனுப்பினனான். காலமை படம் போட்டிருக்கிறார்.

— என்ன படம்?

— உங்கட வளையம் மாதிரித்தான்.

— கொழும்பிலயும் உரிஞ்சிட்டுதோ? அப்ப எங்கட உப்புக் காத்தைப் பேசாதையும்.

— பேசேல்லை. இண்டைக்குள்ள காரணம் சொல்லட்டாம். ஏன் உரியுது, இனி ஏன் உரியாது. அதைச் சொன்னால் வேலை இருக்கு. இல்லாட்டி வேற ஆளைப் பாக்கிறாராம்.

— காரணம் என்ன?

— தெரியாது.

— வந்திட்டுது பாத்தீங்களோ அண்ணை, அந்தச் சொல்லு. பதினொரு மாசமா இதைத்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். சாப்பிட்டீரோ? தெரியாது. பிள்ளைக்கு ஊசி எப்ப? தெரியாது. சயந்தன், என்ர தங்கச்சி பெத்த பிள்ளையை நான் வளக்கிறது எனக்குப் பாரமில்லை. ஆனா நீர் கட்டாருக்குப் போட்டு வரேக்க இவளுக்கு மூண்டு வயது. நீர் ஆரெண்டு நான்தான் சொல்லிக் குடுக்கவேணும். "மாமாவுக்குக் கும்பிடு சொல்லு" எண்டு சொல்லுவன் போல கிடக்கு.

— அக்கா, காணும், விடுங்கோ.

— காணாது. போகாதையும் எண்டுதான் சொல்லவந்தனான். ஆனா இதில இருந்து இரும்பைப் பாத்துக்கொண்டிருந்தா பிள்ளைக்குப் பால்மா வருமோ? ஒரு வழியைச் சொல்லும்.

— சரி, சரி. ரண்டு பேரும் என்னைப் பாருங்கோ. நான் படிக்காதவன். ஆனா லொறி நிண்டால் நான் ஒண்டுதான் கேப்பன்: ஓடேக்க என்ன இருந்தது, இப்ப என்ன இல்லை? தம்பி, சொல்லும். முதல் என்ன செய்வீர்?

— தகட்டை வளைச்சு மினுக்கிறது.

— மாறினதோ?

— இல்லை.

— பிறகு?

— நிக்கல் தொட்டியில இறக்கிறது. எடுத்துக் கழுவுறது. பிறகு குரோம் தொட்டி. திரும்பக் கழுவுறது. துடைக்கிறது. முடிஞ்சுது.

— மருந்து?

— அதே கடை. ரண்டு தரம் மாத்தியும் பாத்திட்டன்.

— கரண்ட்?

— அளந்துதான் குடுக்கிறன். கொப்பியில எல்லாம் எழுதிக் கிடக்கு. எத்தினை நிமிசம், எவ்வளவு சூடு. முந்தி செய்தது எழுத்துக்கு எழுத்து அப்பிடியேதான் இப்பவும்.

— அப்ப எப்பயிருந்து உரியத் தொடங்கினது?

— பதினொரு மாசம்.

— ம்.

— அண்ணை, அப்பிடிப் பாக்காதையுங்கோ. எனக்குத் தெரியும், எல்லாரும் அதைத்தான் நினைக்கினம். பெஞ்சாதி செத்தவன், கை நடுங்குது, மனம் வேலையில இல்லை எண்டு. கை நடுங்கேல்லை. நான் ஒரு நிமிசம் பிசகேல்லை. கொப்பியைப் பாருங்கோ.

— ஆர் அப்பிடிச் சொன்னது? நான் லொறியைப் பற்றிக் கதைக்கிறன். உம்மட மனுசி தர்சனாப் பிள்ளை இதுக்குள்ள என்ன செய்தது? அதைச் சொல்லும்.

— ஒண்டும் இல்லை. அவளை மருந்துத் தொட்டிப் பக்கமே நான் விடுறேல்லை. மருந்து மணம். வயித்தில பிள்ளை.

— ஒண்டுமே இல்லையோ?

— கழுவுற தொட்டியை மட்டும் நிரப்பி வைப்பாள். நான் எழும்பி வர முதல். அது வெறுந்தண்ணி.

— இப்ப ஆர் நிரப்பிறது?

— நான்தான். மோட்டரைப் போட்டால் அஞ்சு நிமிசம்.

— எந்த மோட்டர்?

— கிணத்து மோட்டர். வேற எந்த மோட்டர், அண்ணை?

— தம்பி, கொஞ்சம் பொறும். முந்தி எந்தெந்த நாளில முலாம் வேலை செய்வீர்?

— செவ்வாயும் வெள்ளியும். அவள்தான் நாள் வச்சவள். கோயில் நாள் எண்டு வச்சிருக்கிறாள் எண்டு நினைச்சனான். இப்ப எந்த நாளும் செய்யிறன்.

— செவ்வாயும் வெள்ளியும் நான் உங்கட ஒழுங்கைக்குத் தண்ணி கொண்டுவாற நாள், ராசா.

— ஓம். அதுக்கென்ன?

— அதுக்கென்னவோ? காலமை ஆறு மணிக்கு நான் வாசல்ல நல்ல தண்ணி இறக்க, அந்தப் பிள்ளை தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு நேர இந்தப் பட்டறைக் கொட்டிலுக்குள்ள போகும். குசினிக்கில்லை, இஞ்ச! என்ர கண்ணால கண்டனான். "என்ன பிள்ளை, உம்மட மனுசன்ர இரும்புக்கும் தாகமோ?" எண்டு நான் பகிடி விடுறனான். வாயில விரலை வச்சு, உஷ், அவர் நித்திரை எண்டு சொல்லும். நீர் சொல்லித்தான் ஊத்துது எண்டெல்லோ நான் நினைச்சன்!

— நல்ல தண்ணியையோ?

— என்ர லொறிப் பவுசரில வாற நல்ல தண்ணியை. வேற என்னத்தை நான் இறக்கிறது, சாராயமோ?

— அக்கா…

— என்ன, சயந்தன்? ஏன் எழும்புறீர்? முகம் ஏன் இப்பிடிப் போகுது?

— உப்பு. அக்கா, உப்புத்தான். எங்கட கிணறு உவர். நிக்கல் தொட்டியால எடுத்து அந்தத் தண்ணியில கழுவினால் உப்பு ஒட்டும். அதுக்கு மேல குரோம் பிடிக்கும், பிடிச்ச மாதிரிக் காட்டும், மினுங்கும். ஆனா உள்ளுக்க இருந்து தின்னும். காத்தில்லை. கழுவுற தண்ணி! மருந்தை மாத்தினன், கடையை மாத்தினன், தண்ணியைப் பாக்கேல்லை. ரெக்னிக்கல் கொலிச்சில முதல் கிழமை படிப்பிச்ச பாடம் இது.

— இவ்வளவு சொல்லு இவர் வாயால வந்து ஒரு வருசம், அண்ணை.

— வரட்டும், விடுங்கோ தங்கச்சி. அப்ப காரணம் கிடைச்சிட்டுது?

— கிடைச்சிட்டுது. பட்டறை தொடங்கேக்க நான்தான் அவளுக்குச் சொன்னனான். கழுவுறதுக்கு நல்ல தண்ணி எண்டால்தான் திறம், ஆனா எங்கட பங்குக்கு வாறது குடிக்கத்தானே காணும், பரவாயில்லை எண்டு. "தண்ணிப் பாட்டை நான் பாக்கிறன், நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" எண்டவள். அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை.

— கெட்டிக்காரப் பிள்ளை. அந்த மனுசனுக்கு இப்பவே போன் அடியும் தம்பி, கொழும்புக்கு. தண்ணிதான் காரணம், இனி நல்ல தண்ணி எண்டு சொல்லும். தண்ணிக்கு நான் பொறுப்பு. கடைசி வீடு முடிய லொறியில மிஞ்சிறது முழுக்க உமக்கு. என்ர கிழவியின்ர கண்ணை மட்டும் சுகப்படுத்தித் தாரும்.

— செய்து தாறன் அண்ணை. சாகும் வரைக்கும் உரியாது.

— அப்ப கட்டார்?

— இல்லை, அக்கா. அவன் எடுத்தால் இல்லை எண்டு சொல்லுங்கோ. பாஸ்போட்டை வையுங்கோ. பிள்ளையைத் தாங்கோ.

— கை மருந்து எண்டீர்.

— கழுவிப்போட்டு வாறன். நல்ல தண்ணியில.

— பாத்தியோடி குட்டி, உன்ர அப்பா பகிடி விடுறார்! அண்ணை, நீங்கள் நல்லா இருக்கவேணும். ஏன் உங்களிட்டை முதலே இவர் கேக்கேல்லை?

— நானும் சொல்லேல்லைத்தானே, தங்கச்சி. தர்சனாப் பிள்ளை செத்ததுக்குப் பிறகு இவரும் ஒரு கான் காணும் எண்டிட்டார். தனி ஆள்தானே எண்டு நானும் ஒண்டை மட்டும் இறக்கிப்போட்டுப் போறனான். முந்தி மூண்டு.

— மூண்டு கானோ?

— ஓம். குடும்ப அட்டைக்கு மூண்டு. ஒரு தரத்துக்கு.

— சயந்தன், உந்தக் கழுவுற தொட்டிக்கு எவ்வளவு பிடிக்கும்?

— அம்பது லீற்றர், அக்கா. ரண்டரைக் கான்.

— அப்ப மிச்சம் அரைக் கான்.

— ஓம்.

— செவ்வாயிலயிருந்து வெள்ளி மட்டும். ரண்டு பேருக்கு.

— அதை நானும் கேட்டனான், தங்கச்சி. எல்லாத்தையும் ஊத்திப்போட்டுக் குடிக்க என்ன செய்வீர் பிள்ளை எண்டு. "அவருக்கு அரைக் கான் காணும் அண்ணை, எனக்கு அக்கா வீட்டால வருது" எண்டது.

— எங்கட வீட்டாலயோ?

— அப்பிடித்தான் சொன்னது. ஏன்?

— எங்கட வீட்டால ஒரு கானும் வரேல்லை, அண்ணை. ஒரு போத்தில்கூட வரேல்லை.

— அக்கா, என்ன சொல்லுறீங்கள்?

— உமக்குக் குடிக்க என்ன தண்ணி தந்தவள்?

— நல்ல தண்ணி. எந்த நாளும் நல்ல தண்ணிதான். செம்பில மூடி மேசையில வச்சிருப்பாள்.

— தான் என்ன குடிச்சவள்?

— தெரியாது.

— யோசியும்.

— தெரியாது, அக்கா. நான் பாக்கேல்லை. நான் கொட்டிலுக்குள்ள.

— அவளைக் கொண்டுபோன அந்தப் பிரசர், ஒவ்வொரு கிளினிக்கிலயும் கூட எண்டவை. உப்பைக் குறை, உப்பைக் குறை எண்டு துண்டில எழுதிக் குடுத்தவை. கருவாடு விட்டாள். ஊறுகாய் விட்டாள். கடைசியில கறிக்கும் உப்பில்லாமல் திண்டாள். கால் அப்பிடி வீங்கினது. டொக்டர் என்னை வெளியால கூப்பிட்டு, உங்கட தங்கச்சி களவா உப்புத் தின்னுறாவோ எண்டு கேட்டவர். நான் வீட்டை வந்து அவளின்ர குசினியில உப்புச் சாடியைத் தேடி எடுத்து எறிஞ்சனான், சயந்தன்.

— தங்கச்சி, பிள்ளையை என்னட்டைத் தாங்கோ. நீங்கள் இருங்கோ. தம்பி, நீரும் இரும்.

— அண்ணை, எனக்கு அந்த வளையத்தைத் தாங்கோ.

— எதை, உரிஞ்சதையோ?

— இல்லை. லொறியில கிடக்கிற மற்றதை. உரியாததை.

— அதை இப்ப ஏன்?

— கழட்டித் தாங்கோ, அண்ணை.

— சயந்தன், இஞ்ச பாரும். அவளுக்கு ஏழாம் மாசம், நான் ஒரு நாள் வந்தனான். நீர் உள்ளுக்க வேலை. அவள் ரண்டு கோப்பையில தேத்தண்ணி கொண்டுவந்தவள். நான் மாறி அவளின்ரயை எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டன். அவ்வளவும் உப்பு. துப்பிப்போட்டு, சீனியெண்டு உப்பைப் போட்டிட்டியோடி விசரி எண்டு பேசினனான்.

— அவள் என்ன சொன்னவள்?

— சிரிச்சவள். கோப்பையை என்ர கையால பறிச்சு மடக்கு மடக்கெண்டு குடிச்சுப்போட்டு, "எனக்குப் பழகிட்டுது அக்கா, அவரிட்டைச் சொல்லிப்போடாதை" எண்டவள்.