புது நாற்காலியின் மூன்று கிலோ

தலைமைப் பொறுப்பேற்று, மின்விசிறிக்கு நேர்கீழே வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! வெள்ளை உடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் பெருமக்களே! ஊசியின் வலியை உதட்டுக்குள் விழுங்கி, வீட்டுக்கு வந்து "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் தாய்மார்களே! அவர்களை அழைத்து வந்து, வாசல் பெஞ்சில் காத்துக் கிடந்தே வயதாகிவிட்ட பெரியோர்களே! வணக்கம்.

இது நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். முன்கூட்டியே சொன்னேன், முழங்கிச் சொன்னேன். எவரும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். எட்டும் எட்டும் பதினாறு. இந்த மேடையில் இருக்கும் படிப்புக்கு எந்த வகையிலும் குறைச்சல் இல்லை! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அதோ, இரண்டாவது வரிசையில் சாம்பல் நிறச் சால்வையோடு உட்கார்ந்திருப்பவள் என் தங்கை. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. குடிக்கிற தண்ணீர் போக வழியின்றி உடம்பிலேயே தங்கும். டயாலிசிஸ் மிஷின்தான் அதை இழுத்தெடுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது? எடை போட்டுப் பார்ப்பார்கள். கூடியிருக்கிற எடை எல்லாம் நீர். முட்டி வீங்கி அவளால் நிற்க முடியாது. ஆகவே சக்கர நாற்காலியோடு எடை மேடையில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழிப்பார்கள். எளிய கணக்கு. எட்டாம் வகுப்புக் கணக்கு!

ஒருநாள் காலையில் புது நாற்காலிகள் வந்து இறங்கின. என்ன பளபளப்பு! ராஜாக்கள்கூட அப்படி ஒன்றில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் பழையதைவிட மூன்று கிலோ கனம். காலை ஷிப்ட் ஆட்களுக்கு அது தெரியும். மதியம், என் தங்கையின் முறை வந்த நேரத்தில், ஷிப்ட் மாறியது. போகிறவர் பையை எடுத்தார், வருகிறவர் பையை வைத்தார். "சாப்டாச்சா?" "ஆச்சு." "மழை வரும்போல." "குடை எடுத்துட்டுப் போங்க." மழையைப் பற்றிப் பேசினார்கள், குடையைப் பற்றிப் பேசினார்கள். நாற்காலியைப் பற்றி? ஒரு சொல்? அரைச் சொல்? இல்லை!

நான் விட்டேனா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டெக்னீஷியனிடம் போனேன். "தம்பி, நாற்காலி புதுசு. கனமா இருக்கு. பழைய கணக்குல கழிக்காதப்பா" என்றேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "எங்க வேலைய எங்களுக்கே சொல்லித் தரீங்களா? பேசாம இருங்க" என்றார். நர்ஸிடம் சொன்னேன். "அத டெக்னீஷியன்கிட்ட சொல்லுங்க" என்றார். கைதட்டுகிறீர்கள், நன்றி. ஆனால் தட்டி என்ன பயன்? அன்றைக்கு ஒரு காதும் திறக்கவில்லையே!

டாக்டர் வந்தார். கால்மாட்டில் நின்று மிஷினை நலம் விசாரித்தார். மிஷின் நலமாக இருந்தது. போய்விட்டார்.

பழைய நாற்காலியின் எடையையே கழித்தார்கள். மிஷின் இழுத்தது. இருந்த நீரை இழுத்தது, இல்லாத நீரையும் இழுத்தது. நாற்காலியின் இரும்பைத் தண்ணீர் என்று எண்ணி, என் தங்கையின் இரத்தத்திலிருந்து இழுத்தது! "கால முறுக்கிப் பிடிக்குதும்மா" என்றாள். "எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்கங்க" என்றார்கள். பொறுத்தாள். கண் செருகும்வரை பொறுத்தாள். அதன்பிறகு ஓடினார்கள் பாருங்கள், அப்படி ஓடினார்கள்! தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, உப்புநீர் ஏற்றி, போன உயிரைப் பாதி வழியில் மடக்கிக் கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவள் என்ன சொன்னாள்? "அண்ணே, இனிமே நான் அங்க போக மாட்டேன்."

போகாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நேற்று அவளுடைய முறை. போகவில்லை. முகத்தைப் பாருங்கள், வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாளைக்கும் போகாவிட்டால்... எங்கே போயிற்று அந்தச் சிரிப்பு?

இப்போது கேட்கிறேன். குழாயில் ஒரு பொட்டுக் காற்று புகுந்தால் அலறுகிறதே உங்கள் மிஷின்! மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு செய்தி அறுந்தால் அலறுவதற்கு எந்த மிஷினை வைத்திருக்கிறீர்கள்? இரத்தத்தைச் சுத்தம் செய்யத் தெரிந்த உங்களுக்கு, இரண்டு வார்த்தை பேசத் தெரியாதா? யாரது பின்னால்? "விடுங்க மாமா, டாக்டருங்க கோவிச்சுக்குவாங்க" என்கிறாரா? கோபித்துக்கொள்ளட்டும்! கோபித்துக்கொண்டாவது பேசட்டும்!

நான் கேட்பது பெரிதல்ல. ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் படுக்கையருகே நில்லுங்கள். படுத்திருப்பவர் காதில் விழும்படி பேசுங்கள். பேசி முடித்து, "ஏதாவது விட்டுட்டோமாம்மா?" என்று அவரையே கேளுங்கள். தலைவர் தலையசைக்கிறார். தலையசைப்பு எனக்கு வேண்டாம் ஐயா, வாயைத் திறந்து சொல்லுங்கள்!

"நாளையிலேருந்து செய்றோங்க" என்கிறார். எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா?

என்ன தங்கச்சி, கையைத் தூக்குகிறாய்? "அண்ணே, உள்ளதச் சொல்லுண்ணே" என்கிறாள்.

சரி, சொல்லிவிடுகிறேன். டெக்னீஷியனிடம் நாற்காலியைப் பற்றிச் சொன்னது நானில்லை. அது என் கைச்சரக்கு. அந்த நேரத்தில் நான் எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். சொன்னவள் இவள். டெக்னீஷியனிடம் சொன்னதும் இவள், நர்ஸிடம் சொன்னதும் இவள். "பேசாம இருங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டதும் இவள்தான்.

ஏன் மாற்றினேன்? நோயாளி சொன்னாள் என்றால், "பாவம், அசதியில் ஏதோ சொல்லியிருப்பாள்" என்று நீங்கள் விசிறிக்கொண்டே இருந்திருப்பீர்கள். மீசை வைத்த ஒருவன் சொன்னான் என்றதும் கைதட்டினீர்கள்! சொல் ஒன்றுதானே ஐயா? எனக்குக் கிடைத்த கைதட்டல் அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

நாளைக்கு வருவாயா தங்கச்சி? "கேப்பாங்கன்னா வரேன்" என்கிறாள்.

கேட்டுக்கொள்ளுங்கள் டாக்டர்களே! என் குரலைச் சகித்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. முதல் வணக்கம் என் தங்கைக்கு, மிச்ச வணக்கம் சபைக்கு. அமர்கிறேன்.